கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா? பெயரை விட்டுப் பயிற்சியைப் பாருங்கள்

தற்காப்புக் கலை கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது பெஸ்ட்?" என்றுதான். பதில்களும் உடனே வந்து விழும். குத்துச்சண்டைதான் நிஜச் சண்டை என்பார் ஒருவர். சிலம்பத்துக்கு ஈடு இணை கிடையாது என்பார் இன்னொருவர். ஜூடோக்காரர் கையில் சட்டை சிக்கினால் எவரும் தரையில்தான் என்பார் மூன்றாமவர். மூவர் பேச்சும் கலையின் பெயரைச் சுற்றியே நடக்கிறது.

ஆனால் ஒரே ஊரில், ஒரே பெயரில் இரண்டு கராத்தே வகுப்புகள் நடக்கலாம். ஒன்றில் மூன்று ஆண்டு படித்தவர், எதிரில் ஆள் நகரத் தொடங்கியதும் திகைத்து நிற்பார். மற்றதில் ஓராண்டு படித்தவர் நிதானமாக விலகித் திருப்பி அடிப்பார். சீருடையும் கலைச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. பயிற்சி கொடுக்கும் முறை மட்டும் வேறு. புதிதாகச் சேருபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

எட்டுப் போடுவதும் அண்ணா சாலையும்

பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறோம். காலை ஊன்றாமல் வளைந்து திரும்ப வேண்டும். அதில் நிதானம், கிளட்ச், ஆக்சிலரேட்டர், பார்வை எல்லாம் பழகுகின்றன. தேவையான பயிற்சி. ஆனால் மைதானத்தில் எட்டு வரைந்த கோடு குறுக்கே ஓடிவராது. மாலை 6 மணிக்கு அண்ணா சாலையில் முன்னால் போகும் ஆட்டோ சவாரியைக் கண்டதும் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கும். அதை அரை நொடிக்கு முன்பே உணரும் புலன், ஆயிரம் முறை எட்டுப் போட்டாலும் வராது. அதற்காக, பைக்கைத் தொட்ட முதல் நாளே அண்ணா சாலையில் இறக்கினால் விழுவது நிச்சயம். எனவே மைதானம், பிறகு சந்தடியில்லாத தெரு, பிறகு ஞாயிறு காலைச் சாலை, கடைசியாக மாலை நெரிசல் என்று படிப்படியாகப் போகிறோம்.

சண்டைப் பயிற்சிக்கும் இதே படிகள்தான். மூன்று சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம்.

எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல் தனியே செய்யும் அசைவுத் தொகுப்புக்கு கராத்தேயில் கட்டா என்று பெயர். கொரியக் கலையான டேக்வாண்டோவின் பூம்சே, சீனக் கலையான வூஷுவின் தாவ்லூ, சிலம்பத்தில் தனியாகச் செய்யும் சுற்று முறைகள் எல்லாம் இதே குடும்பம். இங்கே எல்லாவற்றையும் கட்டா என்றே சொல்வோம். இது எட்டுப் போடுவது.

இருவர் சேர்ந்து செய்வது, ஆனால் என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருப்பது, இணைப் பயிற்சி. இது சந்தடியில்லாத தெரு.

இருவருமே விதிகளுக்குள் விரும்பியதைச் செய்யலாம், ஒருவரை ஒருவர் தடுக்கவும் முயல்வார்கள் என்றால் அது ஸ்பாரிங். இது சாலை.

சுருக்கமாக: கட்டா உடலுக்கு வடிவம் தருகிறது, இணைப் பயிற்சி அந்த வடிவத்தை இன்னொரு ஆளோடு பொருத்துகிறது, ஸ்பாரிங் அதை எப்போது செய்வது என்று கற்றுத் தருகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

எதிர்ப்பு ஒரு ஃபேன் ரெகுலேட்டர்

இணைப் பயிற்சிக்கும் ஸ்பாரிங்குக்கும் நடுவில் சுவர் கிடையாது. எதிரில் நிற்பவர் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறார் என்பதை ஃபேன் ரெகுலேட்டர் போல 0 முதல் 5 வரை திருகிக்கொண்டே போகலாம். நல்ல பயிற்சியாளரின் திறமையில் பெரும்பங்கு இந்தத் திருகலில்தான் இருக்கிறது.

முன்கையால் நேராக விடும் குத்தான ஜாபை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து தப்பக் கற்பது இப்படிப் போகும். முதலில் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க, எதிராளி மெதுவாக ஜாப் விடுவார். நீங்கள் உள்ளங்கையால் தட்டி விலக்குவீர்கள். 3 நிமிடம். அடுத்து அதே ஜாப், ஆனால் இருவரும் நகர்ந்துகொண்டே. மூன்றாவதாக, அவர் எப்போது விடுவார் என்று சொல்ல மாட்டார். நான்காவதாக, முகத்துக்கா வயிற்றுக்கா என்பதும் அவர் விருப்பம். ஐந்தாவதாக நீங்களும் திருப்பி ஜாப் விடலாம், அவரும் தப்பலாம். ஐந்தாவது படியில் நடப்பது ஏற்கெனவே ஸ்பாரிங்தான். ஒரே ஒரு ஆயுதத்தோடு நடக்கும் சிறிய ஸ்பாரிங்.

இது ஏன் வேலை செய்கிறது? கண்ணால் ஒன்றைக் கண்டு உடல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கைக்கெட்டும் தூரத்திலிருந்து புறப்படும் நல்ல ஜாப் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குள் முகத்துக்கு வந்துவிடும். அதாவது, முஷ்டி கிளம்பியதைப் பார்த்த பிறகு தப்ப முயன்றால் பெரும்பாலும் தாமதம். அனுபவசாலிகள் முஷ்டியைப் பார்ப்பதில்லை. தோள்பட்டை லேசாக முன்னே வருவது, முன்னங்காலில் எடை ஏறுவது, தூரம் ஒரு சாண் குறைவது ஆகியவற்றைப் படிக்கிறார்கள். அவர்கள் கை வேகமாக இருப்பதைவிட, கை சீக்கிரமாகவே புறப்பட்டிருக்கிறது என்பதே உண்மை. கட்டாவில் படிப்பதற்கு எதிரில் ஒரு தோள் இல்லை. அடிக்கும் நோக்கமே இல்லாத இணையின் தோளும் சரியான சைகையைக் காட்டாது.

இணைப் பயிற்சியில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறப்பவை. ஒன்று, அடிபட்டுவிடக் கூடாதே என்று குத்தை முகத்துக்கு அரை அடி முன்பே நிறுத்துவது. தப்புபவர் அசையாமல் நின்றாலும் அடி விழாது. ஆகவே அவர் தவறாகத் தப்பினாலும் அது தெரியாது. மெதுவாக விடுங்கள், ஆனால் விலகாவிட்டால் நெற்றியைத் தொடும்படி விடுங்கள். இன்னொன்று, குத்தை விட்டுவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்பது. எதிராளி அந்தக் கையைப் பிடித்து, முறுக்கி, காலைத் தட்டி, நான்கு அசைவு செய்து முடிக்கும்வரை கை அங்கேயே இருக்கும். நிஜத்தில் யார் குத்தினாலும் கை திரும்பிப் போகும். அதுவும் வந்த வேகத்திலேயே போகும். கையை இழுத்துக்கொள்ளும் ஒருவரிடம் இந்த நான்கு அசைவைச் செய்து பார்க்கச் சொன்னால் பத்து ஆண்டுப் பழக்கமும் நொடியில் கலையும்.

ரெகுலேட்டரை முதல் நாளே 5-இல் வைப்பதும் அதே அளவு கெடுதல். பயந்த உடல் தோளை உயர்த்தும், மூச்சைப் பிடிக்கும், கண்ணை மூடும், முகத்தைத் திருப்பும். இவை பழக்கமாகிவிட்டால் அவிழ்க்க மாதக்கணக்கில் ஆகும். "அடி வாங்கினால்தான் கற்க முடியும்" என்று முதல் வாரத்திலேயே புதியவரை மூத்தவரோடு மோதவிடும் வகுப்பு, கண்ணை மூடக் கற்றுத் தருகிறது.

இந்த விஷயத்தை முறையாகச் சிந்தித்தவர்களில் முக்கியமானவர் ஜிகோரோ கானோ. 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகான் எனும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியவர். ஜுஜுட்சு எனும் பழைய ஜப்பானியச் சண்டை முறைகளில் இருந்த ஆபத்தான உத்திகளை அவர் கட்டாவுக்கு ஒதுக்கினார் (ஜூடோவில் கட்டாவை இருவர் சேர்ந்து, முன்பே முடிவான வரிசையில் செய்வார்கள்). முழு வலுவோடு செய்தாலும் எதிராளி மறுநாள் பயிற்சிக்கு வரக்கூடிய உத்திகளை மட்டும் ரண்டோரி எனும் கட்டற்ற பயிற்சியில் வைத்தார். விளைவு, மாணவர்கள் தினமும் முழு எதிர்ப்போடு பயில முடிந்தது. "எங்கள் உத்திகள் உயிருக்கே ஆபத்தானவை, அதனால் ஸ்பாரிங் செய்வதில்லை" என்ற வாதத்துக்கு கானோவின் வழி நல்ல விடை. கண்ணில் குத்துவதோ வர்மப் புள்ளியில் தட்டுவதோ, நகரும் ஆளின் மேல் விரல் சரியான இடத்தில் போய் விழுந்தால்தான் பலிக்கும். நகரும் ஆளைத் தொடுவதே தனியாகக் கற்க வேண்டிய வித்தை.

இதுவரை பார்த்தது: சண்டைத் திறன் என்பது பெருமளவு எதிராளியைப் படிக்கும் திறன். அது எதிர்ப்பு இருந்தால் மட்டுமே வளரும். எதிர்ப்பைப் படிப்படியாகக் கூட்டினால் மட்டுமே நலமாக வளரும்.

விதி கலையைச் செதுக்குகிறது

எல்லாக் கலையும் ஸ்பாரிங்கில் ஏதோ ஒன்றைத் தடை செய்கிறது. தடை செய்தது எதுவோ, அதைச் சமாளிக்கும் பழக்கம் அந்தக் கலையில் மெலிந்துபோகும். எதற்குப் பரிசோ, அது தடித்து வளரும்.

ஜூடோவும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் ஒரே வேரில் பிறந்தவை. கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்றவர், பிரேசிலியக் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்லோஸ் கிரேசி. ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் வலுவோடும் மல்லாக்க வீசினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தரையில் 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலும் முடிந்தது. ஆகவே ஜூடோக்காரர் நிற்பதிலும் வீசுவதிலும் வல்லவராகிறார். முதுகு தரையில் படுவதை விபத்தாகவே கருதுகிறார். பிரேசிலில் வளர்ந்த கிளையில் மல்லாந்து கிடப்பது தோல்வியே அல்ல. கீழே கிடந்தபடி கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தி, கழுத்தை நெரித்தோ மூட்டை மடக்கியோ பணியவைக்கலாம். அதனால் அங்கே தரைப் போர் கடலாக விரிந்தது. நின்று வீசுவது பல வகுப்புகளில் சுருங்கிப்போனது. சர்வதேச ஜூடோப் போட்டிகளில் கையால் காலைப் பிடிப்பது 2010-இல் பகுதியாகவும் 2013-இல் முழுமையாகவும் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு வந்த தலைமுறை, மல்யுத்த வீரர் காலுக்குப் பாயும்போது தடுமாறுவதில் வியப்பில்லை.

டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. கைகள் கீழே தொங்குவதற்கும் கால்கள் அற்புதமாகப் பேசுவதற்கும் இந்தக் கணக்கே காரணம். கியோகுஷின் கராத்தேயில் உடம்பில் முழு வேகத்தில் குத்தலாம், முகத்தில் மட்டும் கூடாது. எனவே இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக நின்று அடி கொடுத்து அடி வாங்குவார்கள். முகத்தில் குத்தலாம் என்றால் அந்தத் தூரத்தில் எவரும் நிற்க முடியாது.

நம் சிலம்பத்திலும் இதைப் பார்க்கலாம். அலங்காரச் சிலம்பம் சுழற்சியின் வேகத்தையும் அழகையும் வளர்க்கிறது. போர்ச் சிலம்பம் எதிராளியின் கம்பு எங்கே வரும் என்று படித்து, தடுத்து, தொடுவதை வளர்க்கிறது. நெற்றி உயரக் கம்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுற்றும் பிள்ளைகள் பலர், எதிரில் இன்னொரு கம்பு வந்தால் சுற்றையே நிறுத்திவிடுகிறார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாதி. பழைய ஆசான்கள் பலர் கம்பைக் கையில் தருவதற்கு முன்பே காலடியைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். காலடி என்பது தூரத்தை ஆளும் வித்தை. அது இரண்டு பாதிக்கும் பொது.

ஆக, "எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்பவர் முதலில் தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். தற்காப்பே நோக்கம் என்றால் குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவாய் தாய், ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு போல எதிர்ப்போடு பயிற்றும் ஏதேனும் ஒன்று. தலையில் அடி வேண்டாம் என்பவருக்கு ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும். உடல் ஒழுங்கும் அழகும் மரபும் வேண்டுவோருக்கு சிலம்பம், களரி, கட்டா மிகுந்த கராத்தே ஆகியவை நிறைவு தரும். அந்த நோக்கம் எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய சுமாரான வகுப்பு, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பிரமாதமான வகுப்பைவிட மேல். இரண்டாம் மாதத்திலேயே போக்குவரத்து ஜெயித்துவிடும்.

சேருமுன் ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள்

செயல்விளக்க நாள் வேண்டாம். சாதாரண நாள் ஒன்றில் போய் உட்காருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். 60 நிமிட வகுப்பில் 10–15 நிமிடம் உடலைச் சூடாக்க, 20 நிமிடம் உத்தி, மீதி இன்னொரு ஆளோடு என்றால் சரியான பங்கீடு. ஓட்டமும் தண்டாலும் பாதி நேரத்தைத் தின்றால் அது உடற்பயிற்சி வகுப்பு. அதற்கு இவ்வளவு கட்டணம் தேவையில்லை.

ஓராண்டு முடித்தவர்கள் எதிர்ப்போடு பயில்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் அளவுக்கு மீறி அடித்தால் மாஸ்டர் ஆட்டத்தை நிறுத்துகிறாரா? இது மிக முக்கியம். நிறுத்தாத இடத்தில் காயம் உறுதி. மாணவர் சந்தேகம் கேட்டால் என்ன பதில் வருகிறது? மாதக் கட்டணம் தவிர, பெல்ட் தேர்வுக்கான கிரேடிங் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். குழந்தைக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் தலையில் அடி விழும் ஸ்பாரிங் எந்த வயதில் தொடங்குகிறது என்று கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை.

முதல் மூன்று மாதம்

வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணும் மூட்டு இணைப்பும் மாதங்கள் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மாதம் "இப்போது தெம்பு வந்துவிட்டது" என்று பயிற்சியை இரட்டிப்பாக்குபவர்களுக்குத்தான் முழங்கையும் தோளும் முழங்காலும் வலிக்கத் தொடங்குகின்றன.

வீசும் கலை என்றால் முதல் பாடம் விழுவது. பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், முதுகை வளைக்க வேண்டும், உடலிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலக்கிய கையால் தரையை அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு போகும். தாடை விலகினால் தலையின் பின்பக்கம் தரையில் மோதும். காலைப் பின்னாலிருந்து அரிந்து மல்லாக்க வீசும் ஓசோட்டோ-காரி இந்த வகையில் புதியவர்களுக்கு மிக ஆபத்தானது. விழப் பழகாதவர் மேல் அதைப் போட அனுமதிக்கும் வகுப்பில் இருக்க வேண்டாம்.

குத்தும் கலை என்றால் 4.5 மீட்டர் கைப்பட்டி, ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், வெந்நீரில் இளக்கிப் பற்களுக்குப் பொருத்தும் மவுத்கார்டு, இடுப்புக் கவசம். ஹெட்கார்டு போட்டால் மூளைக்குப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும்; மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குவதைத் தடுப்பதில்லை. அடிபட்ட பிறகு தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. மருத்துவரைப் பாருங்கள், அவர் சொல்லும்வரை ஸ்பாரிங் கூடாது.

மூட்டை மடக்கும் கலைகளில் தோல்வியை ஒப்புக்கொள்ள எதிராளியை இரண்டு முறை தட்டுவதற்கு டேப் (tap) என்று பெயர். வலி வந்த பிறகு தட்டுவது தாமதம். பிடி இறுகிவிட்டது, வழியில்லை என்று தெரிந்ததுமே தட்டுங்கள். சில குதிகால் பூட்டுகளில் வலி தெரியும்போதே தசைநார் கிழிந்திருக்கும்.

பெல்ட் எதை அளக்கிறது

1883-இல் கானோ தன் மாணவர் இருவருக்கு முதன்முதலாக டான் எனும் மேல்நிலைத் தகுதி வழங்கினார். கருப்பு பெல்ட் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. ஒக்கினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோ வந்த கிச்சின் ஃபுனாகோஷி, ஜூடோவிடமிருந்து இம்முறையை எடுத்து 1924-இல் கராத்தேயில் புகுத்தினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறங்கள் ஐரோப்பாவில்தான் பரவின. 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த மிகினொசுக்கே கவாய்ஷிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதாவது, ஆயிரம் ஆண்டு மரபு என்று நினைப்பது நூறு ஆண்டுப் பழக்கம்.

கருப்புக்குக் கீழுள்ள படிகள் கியூ, கருப்பிலிருந்து மேலே டான். முதல் டானுக்கு ஷோடான் என்று பெயர். "ஷோ" என்றால் தொடக்கம். அடிப்படைகளைக் கற்று முடித்துவிட்டார், இனி பாடம் தொடங்கலாம் என்பதே பொருள்.

ஒரு பள்ளியின் கருப்பை இன்னொரு பள்ளியின் கருப்போடு ஒப்பிட முடியாது. உலகுக்கெல்லாம் பொதுவான தேர்வாணையம் கிடையாது. கட்டாவை மட்டும் பார்த்துத் தரும் பெல்ட், கட்டாவை அளக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பில் நீலத்தில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். 19 வயதுக்குக் கீழ் கருப்பு இல்லை. நடைமுறையில் பத்தாண்டை நெருங்குபவர்களே மிகுதி. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் நிறப் படிகளே இல்லை. அங்கே முன்னேற்றம் தெரியாமலா போகிறது?

தேக்கம் வரும்போது

ஆறாவது மாதத்தை ஒட்டி எல்லாரும் சொல்வது: "முன்னேற்றமே இல்லை." பெரும்பாலும் நடப்பது, உங்கள் இணைகளும் உங்கள் அளவுக்கு வளர்ந்திருப்பார்கள், ஒப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். முதல் மாதத்துக் காணொளி ஒன்று செல்போனில் இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையான தேக்கமும் உண்டு. வெல்வதற்காக ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பப் போடுபவருக்கு அது வரும். நான்கு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாபுக்குப் பின் இடப்பக்கம் நகர்வது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாரிங்கைச் சுருக்கிக் கேளுங்கள்: "நான் சுவரோரம் நிற்கிறேன், நீங்கள் அடைத்து வையுங்கள், நான் வெளியே வர வேண்டும், 2 நிமிடம்." புதியதை முதலில் உங்களைவிட இளையவரிடம் முயலுங்கள், அங்கே பலித்தால் சமமானவரிடம், பிறகே மூத்தவரிடம். தலைகீழாகச் செய்பவர் இரண்டு முறை தோற்று, அந்த உத்தியையே குப்பை என்று விட்டுவிடுகிறார். பயிற்சி முடிந்ததும் நோட்டில் மூன்று வரி போதும்: எதை முயன்றேன், எங்கே தடைப்பட்டது, அடுத்த முறை என்ன.

கட்டாவின் அருமை தெரிவதும் இந்தக் கட்டத்தில்தான். எதிராளி எப்படி வருவான் என்று ஸ்பாரிங்கில் கண்டவர் கட்டாவுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஆள் தெரிவான். முன்பு வெறுமனே கையை ஓங்கிய இடத்தில் இப்போது தூரமும் எடையும் சரியாக வரும்.

ஓராண்டு கழித்தும் வகுப்பில் எதிர்ப்போடு பயில வாய்ப்பே இல்லை என்றால், உடனே விட்டுவிட வேண்டியதில்லை. "கடைசிப் பத்து நிமிடம், ஒரு உத்தியை மட்டும் வைத்து, எதிர்ப்போடு செய்யலாமா மாஸ்டர்?" என்று கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள்; மாணவர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்துத்தான் தவிர்த்திருப்பார்கள். மறுத்தால் வாரத்துக்கு ஒரு நாள் ஜூடோ அல்லது குத்துச்சண்டை வகுப்பைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு மாஸ்டர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை.